யாருக்காக எழுதிய பாடம்?

யப்பானிய மொழி படிக்கத் தொடங்குபவர் கன்ஜி எழுத்துகளின் முன் திகைத்து நிற்பது வழமை. சீனத்திலிருந்து வந்த இவ்வெழுத்துகளில், அன்றாடப் பாவனைக்கென அரசு 2010 இல் வகுத்த பட்டியலில் மட்டும் 2136 உண்டு. எந்த முறையில் படிப்பது என்று தேடுமுன், ஒவ்வொரு முறையும் யாருக்காக உருவானது என்று கேட்பது நல்லது.

பலர் முதலில் நாடுவது யப்பானியப் பள்ளிக்கூட வரிசையை. 1948 இல் கட்டாயக் கல்விக்கென 881 எழுத்துகள் ஒதுக்கப்பட்டன. 2020 முதல் ஆரம்பப் பள்ளியின் ஆறு வகுப்புகளுக்கும் 1026. கிழமையைக் குறிக்கும் 'யோ' என்ற எழுத்துக்கு 18 கோடுகள். ஆயினும் அது இரண்டாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. ஏனெனில் 'நிச்சியோபி' என்றால் ஞாயிற்றுக்கிழமை என்பது அப்பிள்ளைக்கு முன்னரே தெரியும். வாயிலிருக்கும் சொல்லுக்கு வடிவம் மட்டுமே தேவை. வளர்ந்தபின் வெளியிலிருந்து வருபவரிடமோ சொல்லும் இல்லை, வடிவமும் இல்லை.

அத்தகையோருக்கென்றே எழுதப்பட்டவை நகனுமா நாவோஎயின் வாசிப்பு நூல்கள். ரோக்கியோவில் அமெரிக்கத் தூதரக அலுவலர்களுக்குக் கற்பித்தவர் அவர். போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் மொழிப்பள்ளி அந்நூல்களையே கைக்கொண்டது. வாசிப்பு, உரையாடல், சொல்வதெழுதல் என நாளுக்கு 4 மணிநேர வகுப்பு, சனிக்கிழமைகளில் பரீட்சை. எழுத்து எப்போதும் வாக்கியத்தோடும் குரலோடும் சேர்ந்தே வந்தது.

அந்தக் குரல்கள் யாருடையவை? ஆசிரியர்களிற் பெரும்பாலோர் யப்பானிய வம்சாவளியினர். 1942 பெப்ரவரியில் பிறந்த ஆணை அம்மக்களை மேற்குக் கரையிலிருந்து வெளியேற்ற வழிசெய்தது. ஆசிரியர்களை இழக்காதிருக்கப் பள்ளியே கலிபோர்னியாவிலிருந்து கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகருக்கு இடம்பெயர்ந்தது. தடுப்பு முகாம்களிலிருந்தும் சிலர் கற்பிக்க அழைக்கப்பட்டனர். ஆட்களைச் சந்தேகித்த அரசுக்கு அவர்களுடைய மொழி வேண்டியிருந்தது.

ஆசிரியரின்றித் தனியே படிப்பவருக்கு வேறொரு வழியை 1977 இல் ஜேம்ஸ் ஹைஸிக் வகுத்தார். எழுத்தைக் கூறுகளாகப் பிரித்து, கதை கட்டி, பொருளையும் வடிவத்தையும் முதலில் மனதிலிருத்துவது அவர் முறை. மரத்தருகே மனிதன் நின்றால் ஓய்வு. வளர்ந்தவரின் நினைவுக்கு இது நன்கு பொருந்தும். ஆனால் அதே எழுத்தை ஓரிடத்தில் 'யசு' என்றும், மற்றோரிடத்தில் 'க்யூ' என்றும் உச்சரிக்க வேண்டும் என்பதைக் கதை சொல்லித்தராது. அதற்கு மீண்டும் வாக்கியத்திடம்தான் போகவேண்டும்.

ஆகவே, தனியே தொடங்குபவர் கூறுகளால் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். முதல் வாரத்திலிருந்தே ஓர் எளிய வாசிப்பு நூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். பள்ளிக்கூட வரிசை மொழி வாய்க்கு வந்தபின் உதவும்.

இது எமக்கும் புறம்பான கதையன்று. ஊரில் தமிழ் பேசியபடியே பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு எழுதிய பாடநூலை, இங்கு பிறந்து வீட்டிலும் வேற்றுமொழி பேசும் பிள்ளையின் கையில் வார இறுதிகளில் கொடுக்கிறோம். பிள்ளை தடுமாறினால் பிள்ளையைக் குறை சொல்கிறோம். அந்தப் பாடம் யாருக்காக எழுதப்பட்டது என்று நாம் கேட்பதில்லை.