புனித வின்சென்ட் தே பவுல்

வின்சென்ட் தே பவுல் (1581–1660) பிரெஞ்சு கத்தோலிக்கக் குரு. ஏழைகளுக்காக இரண்டு சபைகளை நிறுவியவர். இளமையில் அவருக்கு வேறு கணக்கு இருந்தது.

தென்மேற்குப் பிரான்சின் பூய் கிராமத்து உழவர் மகன் அவர். ஒருமுறை தந்தை பள்ளிக்குப் பார்க்க வந்தார். கால் விந்தி நடந்த, உடை சரியில்லாத அந்த மனிதரைச் சந்திக்க மகன் வெட்கப்பட்டு மறுத்துவிட்டார். முதுமையில் இதைத் தாமே சொல்லி வருந்தினார். 1600இல், பத்தொன்பது வயதிலேயே குருவானார். 1610இல் தாய்க்கு எழுதிய கடிதத்திலும் நல்ல வருமானத்தோடு ஊரில் ஓய்ந்திருக்கும் ஆசைதான் தெரிகிறது. இதற்கிடையே துனிஸில் அடிமையாக விற்கப்பட்டதாக அவர் எழுதியதை நம்பாத வரலாற்றாசிரியர்களும் உண்டு.

அவருடைய மனமாற்றம் ஒரே இரவில் நடந்துவிடவில்லை. ஆனாலும் 1617 முக்கியமான ஆண்டு. அவர் பணியாற்றிய கோண்டி பிரபுவின் நிலத்தில் சாகக் கிடந்த குடியானவர் ஒருவர், அதுவரை யாரிடமும் சொல்லாத பாவங்களை அவரிடம் அறிக்கையிட்டார். சனவரி 25இல் வின்சென்ட் ஃபொல்வில் ஆலயத்தில் மறையுரை ஆற்றியதும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டம் அலைமோதியது. இயேசு சபைக் குருக்களைத் துணைக்கு அழைக்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டில், அவர் குருவாக இருந்த ஷத்தியோன் பங்கில் ஒரு வீடே நோயில் படுத்தது. அவர் பிரசங்கத்தில் சொன்னதும் ஊரே உணவோடு போய்க் குவிந்தது. மலேசியாவின் கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல: லயத்தில் சாவு விழுந்தால் முதல் நாள் சோறு மிஞ்சும், நாலாம் நாள் ஆள் வராது. வின்சென்ட் முறை வைத்தார். பெண்கள் நாளுக்கு ஒருவராகச் சமைத்து நோயாளிகளிடம் கொண்டுபோக வேண்டும்; துணையில்லாதவர் வீட்டுக்குக் கடைசியாகப் போக வேண்டும், அங்கேதான் அதிக நேரம் உட்கார முடியும். அவரைப் பற்றிய பக்தி நூல்களைவிட இந்த விதிதான் அவரை நன்றாகக் காட்டுகிறது.

1625இல் கோண்டி குடும்பம் தந்த 45,000 லீவருடன் மறைபரப்புச் சபை தொடங்கியது. அதன் குருக்கள் கிராமங்களுக்கே போக வேண்டும், மக்களிடம் காசு வாங்கக் கூடாது. ஒருகாலத்தில் வருமானம் தேடி அலைந்தவர் ஒப்புக்கொண்ட நிபந்தனை இது.

1633 நவம்பர் 29இல், லூயிஸ் தெ மரியாக் என்ற கைம்பெண்ணோடு சேர்ந்து அன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கினார். அக்காலத் துறவியர் மடத்துக்குள் அடைபட்டிருக்க, இவர்கள் தெருவில் நடந்தார்கள். இவர்களுக்கு முன்னோடி மாடு மேய்த்த மார்கரித் நசோ. தானே எழுத்துக் கற்றுப் பிறருக்கும் கற்பித்தவர். கொள்ளைநோய் கண்ட பெண்ணுக்குத் தன் படுக்கையில் இடம் கொடுத்து, அந்நோயிலேயே அதே ஆண்டு இறந்தார்.

வின்சென்ட் 1737இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். மலேசியப் பங்குகளிலும் வீடு வீடாக ஏழைகளைப் பார்க்கப் போகும் வின்சென்ட் தே பவுல் சபை அவர் தொடங்கியதல்ல. 1833இல் பாரிசில் ஃபிரெடரிக் ஓசனாமும் நண்பர்களும் அவர் பெயரில் தொடங்கிய பொதுநிலையினர் அமைப்பு அது.