நாள் தெரியாத சாவுகளும் அமாவாசையும்: மலாக்காத் தோட்டத் தமிழரின் நிலவுவழி நோன்புகள்

முன்னுரை

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், நீரிணைக் கரையை ஒட்டிக் கிடக்கிறது செர்காம். அதைச் சுற்றியுள்ள மெர்லிமாவ், ஜாசின் வட்டாரங்கள் ரப்பரோடும் பின்னர் செம்பனையோடும் வளர்ந்தவை. இந்தக் கரையில் வாழும் மக்கள் ஒரே நிலவை மூன்று விதமாகக் கணக்கிடுகிறார்கள். மலாய் முஸ்லிம்களுக்கு மாதம் பிறப்பது பிறையோடு. பிறை பார்ப்பதற்கு மாநிலத்தின் வடபகுதியில், தஞ்சோங் பீடாரா அருகே வானியல் வளாகம் ஒன்று இருக்கிறது. சீனர் தங்கள் நிலவு மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். தமிழரோ சூரிய மாதத்தை வைத்துக்கொண்டு, அதற்குள் நிலவின் திதிகளைத் தேடுகிறார்கள். மாதம் தவறாமல் அமாவாசை, சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம், பௌர்ணமி என்று எண்ணிவரும் இந்த நோன்புகளில் தோட்டத் தமிழரிடம் ஆழ வேரூன்றியது அமாவாசையே. பௌர்ணமிக்குத் திருவிழாவின் பொலிவு உண்டு. சஷ்டிக்கு முருகனின் அருள் உண்டு. இருந்தும் நிலவே தெரியாத இருள் நாள் ஏன் முதன்மை பெற்றது? புலம்பெயர்வு நாள் தெரியாத சாவுகளைப் பெருக்கியது என்பதும், அப்படிப்பட்ட சாவுகளுக்கு மரபு ஒதுக்கியிருந்த நாள் அமாவாசை என்பதும்தான் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. சமையலறையில் நடக்கும் சடங்குகள் ஆவணங்களில் ஏறும் இயல்புடையவை அல்ல. ஆகவே சடங்கின் அமைப்பு, திதி விதிகள், தோட்ட வேலையின் ஒழுங்கு, குடியேற்ற வரலாறு ஆகியவற்றை இணைத்தே இந்த முடிவுக்கு வருகிறேன்.

நிலவுக் கணக்கும் பழைய அடுக்குகளும்

சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூடுவதற்கு ஆகும் நேரம் ஒரு திதி. அமாவாசைக்கும் அமாவாசைக்கும் இடையே சராசரியாக இருபத்தொன்பதரை நாள் செல்கிறது. அதற்குள் 30 திதிகள் அடங்குகின்றன. நிலவின் வேகம் ஒரே சீராக இல்லாததால் ஒரு திதி ஏறத்தாழ 19 மணி நேரத்தில் முடிவதும் உண்டு, 26 மணி நேரத்தைத் தொடுவதும் உண்டு. எனவே திதி என்பது சூரிய நாளோடு பொருந்தி உட்காராது. யாராவது கணித்துச் சொன்னால்தான் தெரியும். பிறையைக் கண்ணால் கண்டு தொழுவதற்கு அந்தக் கணிப்புத் தேவையில்லை. பலரும் பிறையைத் தொழும் காட்சி குறுந்தொகையிலேயே இருக்கிறது. இன்றும் மூன்றாம் பிறை பார்க்கும் வழக்கம் அந்தப் பழமையின் தொடர்ச்சியே. சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் இந்திரவிழா சித்திரை முழுநிலவோடு தொடர்புபடுகிறது. இல்வாழ்வான் ஓம்பவேண்டிய ஐந்து பேரைச் சொல்ல வந்த வள்ளுவர், தென்புலத்தாரை முதலில் வைக்கிறார். பிறை தொழுதல், முழுநிலா விழா, முன்னோர் கடன் ஆகிய மூன்றும் தமிழ் வாழ்வில் பழையவை. ஆனால் கண்ணுக்கு எட்டும் பிறையும் முழுநிலாவும் வானமே அறிவிக்கும் நாட்கள். அமாவாசையை வானம் அறிவிப்பதில்லை. அது கணக்கை நம்பி நிற்கும் நாள். கடல் கடந்து வந்த பிறகு எளிதில் கைநழுவிப் போயிருக்க வேண்டியது அமாவாசைதான். அது நழுவவில்லை என்பதே நாம் விளக்கவேண்டிய செய்தி.

கடல் கடந்தவர்களும் திதி இல்லாத இறந்தோரும்

தான் சாய் யான் என்பவர் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே மலாயாவெங்கும் பால்மரக் காடுகள் பரவின. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி உருவாயிற்று. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின், கங்காணிகள் தம் ஊர்களுக்குச் சென்று ஆள் திரட்டும் கங்காணி முறையே ஆட்களைக் கொண்டுவந்தது. 1938இல் இந்திய அரசு இந்தக் கூலிக் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை, திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு மாவட்டங்களின் ஊர்களிலிருந்து மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இளவயதினர். பெற்றோர் ஊரிலேயே இருந்தனர். இங்கேதான் திதி விதி முக்கியமாகிறது. ஒருவர் இறந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்ற மூன்றும் தெரிந்தால்தான் ஆண்டுதோறும் அவருக்குத் திதி கொடுக்க முடியும். தகப்பனார் தவறிய செய்தி கப்பலேறி, எழுதத் தெரிந்த யாரோ எழுதிய கடிதமாக வந்து, தோட்டத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்துச் சொல்லும்போது, இறந்த திதி அதில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்த நிலைக்கு மரபு முன்பே ஒரு வழி வைத்திருந்தது. இறந்த திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில், சிறப்பாகப் புரட்டாசி மகாளய அமாவாசையில், கடன் செய்யலாம் என்பதே அது. தாயகத்தில் வழிதவறிப் போனவர், தொலைதூரம் சென்று திரும்பாதவர் ஆகியோருக்காக இருந்த விதிவிலக்கு அது. தோட்டத்தில் அந்த விதிவிலக்கே பொது விதியாகியிருக்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு மிகத் துயரமான வலுவை 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகள் தருகின்றன. ஜப்பானியர் கட்டிய ஏறத்தாழ 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. அந்தத் தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. இறந்த நாள் தெரியாது, இடம் தெரியாது, சில வீடுகளில் இறந்தாரா என்பதே தெரியாது. அப்படிப் போனவருக்கு எந்தத் திதியில் இலை போடுவது? பெயரைச் சொல்லிச் சோறு வைக்க அந்தக் குடும்பங்களுக்கு மரபு விட்டுவைத்த நாள் அமாவாசை ஒன்றே. சஷ்டியும் ஏகாதசியும் நோற்பவரின் வேண்டுதலுக்கானவை. விட்டால் விட்டவரோடு போகும். அமாவாசையோ நினைக்கப்படவேண்டிய இன்னொருவருக்கானது.

பால்மரக் காட்டின் பகல்

தேவை இருப்பது மட்டும் ஒரு சடங்கை வாழவைக்காது. அது அன்றாட வேலையோடு பொருந்தவும் வேண்டும். விடியும் முன்னரே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் மரத்தைச் சீவிப் பாலெடுக்கும் வேலை அதிகாலையிலேயே தொடங்கும். பாலை எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து லயம் எனும் வரிசை வீடுகளுக்குத் திரும்ப நண்பகலாகிவிடும். அமாவாசை நோன்பு ஒருபொழுது நோன்பு. காலையில் உண்ணாமல் இருந்து, பகலில் படைத்து, அதன்பின் உண்பது. விடுப்புக் கேட்காமலேயே நடத்தக்கூடிய சடங்கு இது. வேலை முடிந்து வந்தவர் தலைக்குக் குளிக்கிறார். அன்று காலையில் வாசலில் கோலம் இல்லை. சமையலில் வாழைக்காய் கட்டாயம் உண்டு, வெங்காயமும் பூண்டும் இல்லை. வாழையிலையில் சோறும் குழம்பும் பொரியலும் வடையும் பாயசமும் வைத்து, பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீரும் வைத்து, இறந்தவருக்குப் பிடித்தது எதுவோ அதையும் சேர்த்துச் சூடம் காட்டுகிறார்கள். பிறகு ஒரு கைப்பிடிச் சோறு தகரக் கூரைமேல் காக்கைக்குப் போகிறது. காக்கை எடுத்த பின்னரே வீட்டார் உண்பார்கள். இங்கே ஒரு வரலாற்று உண்மையைக் குறிக்க வேண்டும். காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்பதற்காக 1900ஆம் ஆண்டையொட்டி இலங்கையிலிருந்து கிள்ளான் வட்டாரத்துக்குக் கொண்டுவரப்பட்ட பறவை வீட்டுக் காக்கை. முன்னோராகக் கருதிச் சோறிடப்பட்ட அந்தப் பறவையும், சோறிட்டவரைப் போலவே, தோட்ட வேலைக்காகக் கடல் தாண்டி வந்ததுதான்.

நிலவின் நாளும் வேலை நாளும் இப்படிப் பொருந்துவது எவ்வளவு அரிது என்பதற்கு இலங்கை ஒரு சான்று. 1966இல் அந்நாட்டு அரசு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை நீக்கிவிட்டு, நிலவின் நான்கு நிலைகளையொட்டிய போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. அந்த வாரம் சில வேளை ஏழு நாள், சில வேளை எட்டு நாள். வணிகமும் அலுவலகமும் உலகத்தோடு ஒத்துப்போக முடியாமல் திணறின. 1971இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நிலவின் கணக்கை வேலையின் கணக்காக்க ஓர் அரசாலேயே முடியவில்லை. தோட்டத் தமிழர் அதற்கு முயலவில்லை. வேலை அன்றைக்கு விட்டுவைத்த மிச்ச நேரத்துக்குள் நிலவின் நாளை வைத்துக்கொண்டார்கள்.

மூன்று மறுப்புகள்

அமாவாசை நோன்பு பிராமணச் சடங்கின் சாயல் என்பதும், முனியாண்டியையும் மதுரை வீரனையும் மாரியம்மனையும் கும்பிட்ட தோட்ட மக்களிடம் அது கோயில் சீர்திருத்தத்தாலும் அச்சு நாட்காட்டியாலும் பிற்காலத்தில் ஏறியது என்பதும் முதல் மறுப்பு. பிரதோஷம், சங்கடஹர சதுர்த்தி, பௌர்ணமி விளக்குப் பூசை ஆகியவற்றைப் பொறுத்தவரை இதில் பெருமளவு உண்மை இருக்கிறது. அவை கோயிலையும் அர்ச்சகரையும் கூட்டத்தையும் வேண்டுவன. தமிழ்நாட்டிலேயே திருவண்ணாமலைப் பௌர்ணமி கிரிவலம் இன்றைய பெருங்கூட்டத்தைத் திரட்டியது கடந்த சில பத்தாண்டுகளில்தான். ஆனால் அமாவாசை அந்த வரிசையில் சேராது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை இரவே சிறப்பு. மாசி அமாவாசையை ஒட்டியே மயானக் கொள்ளை நடக்கிறது. காவல் தெய்வங்களை மக்கள் கும்பிட்ட வழக்கிலேயே இருள் நாளுக்கு இடம் இருந்தது. தர்ப்பையும் மந்திரமும் தர்ப்பணமும் ஒரு வடிவம். இலையும் சோறும் காக்கையும் இன்னொரு வடிவம். தோட்டத்துக்கு வந்தது இரண்டாவது வடிவம்.

முன்னோர் கடன் என்பது புரோகிதச் சுரண்டல், பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்பது இரண்டாவது மறுப்பு. பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்தார். கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். தோட்டத்துக் கள்ளையும் சாதியையும் வீண் செலவையும் எதிர்த்து அவர்களின் சுயமரியாதை இயக்கம் செய்த பணி பெரிது. தட்சிணைக்காக நடக்கும் திதி பற்றிய அதன் கண்டனமும் நியாயமானது. ஆனால் தோட்டத்து வீட்டு அமாவாசையில் புரோகிதர் இல்லை, தட்சிணை இல்லை, வேற்று மொழி இல்லை. சமைத்ததை இறந்தவர் உண்பதில்லை என்பது சமைத்தவருக்கும் தெரியும். அந்தச் சோறு வீட்டார் வயிற்றுக்கும் காக்கைக்கும்தான் போயிற்று. எஞ்சியிருப்பது, பெயரைச் சொல்லி நினைக்கும் ஒரு செயல். பகுத்தறிவு அதைக் குறை சொல்லக் காரணம் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

மூன்றாவது மறுப்பே வலியது. மலாக்காவில் சுல்தானியக் காலத்திலிருந்து வாழும் செட்டி சமூகம் தமிழ்ப் பேச்சை இழந்தும் முன்னோர் வழிபாட்டை இழக்கவில்லை. காஜா பெராங்கின் கம்போங் செட்டியில் அவர்கள் முன்னோருக்குப் படைக்கும் பார்ச்சு, ஒன்று போகியில் நடக்கிறது, மற்றொன்று ஆண்டின் நடுவே பழக் காலத்தில் நடக்கிறது. போகி மார்கழியின் கடைசி நாள், அதாவது சூரியக் கணக்கு. நிலவின் துணையே இல்லாமல் முன்னோர் கடன் ஐந்து நூற்றாண்டு நிலைத்திருக்கும்போது, அமாவாசைக்கு நான் கொடுக்கும் முக்கியத்துவம் எப்படி நிற்கும்? என் விடை இது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் சூரிய நாளுக்குப் பஞ்சாங்கம் அதிகம் தேவையில்லை. தாயகத் தொடர்பு அறுந்த சமூகமும் அதைக் காக்க முடியும். செட்டிகளின் இறந்தோர் தலைமுறை தலைமுறையாக அதே நகரத்தில் வாழ்ந்து மறைந்தவர்கள். அனைவருக்கும் பொதுவாக ஓர் ஆண்டு நாள் போதும். தோட்டத் தமிழரின் நிலை வேறு. அவர்களின் இறந்தோர் இரு கரைகளில் சிதறிக் கிடந்தார்கள், இழப்புச் செய்தி வந்துகொண்டே இருந்தது. அதேவேளை பஞ்சாங்கத்தின் வரத்தும் நிற்கவில்லை. கப்பலும் கோயிலும் தமிழ்ப் பள்ளியும், 1924 முதல் தமிழ் நேசன் போன்ற இதழ்களும் அந்தக் கணக்கு வந்துசேரும் வழிகளாயின. ஆக, அமாவாசையைத் தாங்கியவை இரண்டு: தீராத தேவை, அறுபடாத கணக்கு. செட்டிகளின் சான்று என் வாதத்தை முறிக்கவில்லை. இந்த இரண்டில் ஒன்று குறைந்தால் கடன் வேறு நாளுக்கு இடம்பெயரும் என்று காட்டி, அதன் எல்லையைத் தெளிவாக்குகிறது.

கடிகாரம் மாறிய காலம்

அந்தக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. திதி உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் பிறக்கிறது, கடிகாரங்கள் அப்படி இல்லை. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவின் கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்தள்ளப்பட்டு டோக்கியோ நேரத்தைக் காட்டின. போருக்குப் பின் பழைய நேரம் திரும்பியது. இந்திய நேரத்துக்கும் மலேசியத் தீபகற்ப நேரத்துக்கும் இருந்த இரண்டு மணி இடைவெளி, 1982 சனவரி 1 முதல் இரண்டரை மணியாயிற்று. சென்னையில் அச்சான நாட்காட்டி காலை 11 மணிக்கு அமாவாசை பிறப்பதாகச் சொன்னால், செர்காமில் அது பிற்பகல் 1.30. சென்னையில் 12 மணிக்குப் போடும் இலை அமாவாசைக்குள் விழுகிறது. இங்கே 1 மணிக்குப் போடும் இலை இன்னும் சதுர்த்தசியில் இருக்கிறது. அதுபோல் அங்கே இரவு 10 மணிக்குப் பிறக்கும் திதி இங்கே நள்ளிரவு தாண்டி மறுநாள் 12.30க்குப் பிறக்கிறது. உள்ளூர் நேரத்துக்குக் கணித்த நாட்காட்டி இல்லாத வீட்டில் ஒரு நாள் பிசகுவது எளிது. இந்தப் பிசகு சடங்கை அழித்ததா? இல்லை. திதியின் நுட்பத்தைவிட, மாதம் ஒருமுறை இலை போடுவதே முதன்மையானது. இதையும் என் வாதத்துக்கு ஆதரவான சான்றாகவே கொள்கிறேன்.

முடிவுரை

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்தில் இருந்தவர்களின் பிள்ளைகள் தாமான் எனும் குடியிருப்புகளின் வீடுகளுக்கும் தொழிற்சாலை ஷிஃப்டுகளுக்கும் மாறினார்கள். நண்பகலில் வீட்டில் இருக்கும் வாய்ப்புக் குறைந்தது. மாத அமாவாசை பல வீடுகளில் ஆடி, புரட்டாசி, தை என்ற மூன்று அமாவாசைகளாகச் சுருங்குகிறது. கூட்டு விழாவோ தன் வழியில் வலுவாக நிற்கிறது. மாசி மகத்தில் முருகன் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து தேரேறிச் செங் சன்னாசிமலைக்குப் போவதைக் காண மலாக்கா திரள்கிறது. முழுநிலாவையொட்டிய அந்த விழாவுக்கு ஊர் இருக்கிறது, கோயில் இருக்கிறது. அமாவாசைக்கு வீடு மட்டுமே இருக்கிறது. இன்று இறப்புச் சான்றிதழில் நாளும் நேரமும் பதிவாகின்றன. யாருடைய திதியையும் கண்டுபிடிக்கலாம். எனவே அமாவாசையைத் தோட்டத்தில் நிலைநிறுத்திய பழைய தேவை வருங்காலத்து இறந்தோருக்கு இல்லை. ஆனால் ஊரில் தனியே கண்மூடிய பெற்றோருக்கும் சயாமில் விழுந்தவர்களுக்கும் திதி இனியும் கிடைக்கப் போவதில்லை. அவர்களின் பெயர் தெரிந்த வீடுகள் அந்தப் பெயர்களையும், சடங்கு எப்படி நடந்தது என்பதையும் எழுதி வைத்தால், அதுவே இந்த வரலாற்றின் முதல் ஆவணமாகும். அவர்களுக்காக இலை போட மாதத்தில் ஒரு நண்பகல் போதும்.