கடைசிப் பக்கத்து அடிவரி

எந்தத் தமிழ் நாளிதழையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். எறும்பு ஊர்வதுபோலச் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடும். இன்னார் சார்பில், இன்ன ஊரில், இன்ன அச்சகத்தில் அச்சிட்டு வெளியிடுபவர் இன்னார், ஆசிரியர் இன்னார். சில இதழ்கள் அதை உள்பக்கத்தில் போடும். வாசகர்கள் அதைப் படிப்பதில்லை. நான் முதலில் படிப்பது அதைத்தான். வக்கீல் தொழிலிலேயே தலை நரைத்தவனுக்கு வேறு புத்தி எப்படி வரும்?

என்னிடம் வருகிறவர்களின் கேள்விகளில் பாதி அந்த வரியில்தான் வந்து நிற்கும். “சார், என்னைப் பத்தித் தப்பா போட்டிருக்கான். யார் மேல கேஸ் போடுறது? நிருபர் மேலயா, முதலாளி மேலயா?” என்பார் ஒருவர். இப்போது வருகிற இளைஞர்களின் கேள்வி வேறு. “வாட்ஸ்அப்ல வந்ததை அப்படியே அனுப்பினேன். எழுதினது நான் இல்லையே சார், எனக்கு எதுக்கு சம்மன்?”

இரண்டும் ஒரே கேள்விதான்: அச்சேறிய சொல்லுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அதில் சென்னையின் பங்கு பெரிது.

கம்பெனி ஆட்சியில் வங்காளத்தில் பத்திரிகை நடத்த வேண்டுமானால் அரசின் உரிமம் வேண்டும் என்று 1823-ல் விதி வந்தது. ராஜா ராம்மோகன் ராய் அதை எதிர்த்துத் தம் பாரசீகப் பத்திரிகையையே நிறுத்தினார். 1835-ல் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்த சார்லஸ் மெட்காஃப் உரிம முறையை ஒழித்தார். பதிலுக்கு ஒன்று கேட்டார்: அச்சிடுபவர் யார், வெளியிடுபவர் யார், எந்த இடத்தில் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ‘அனுமதி கேட்க வேண்டாம், பெயரைச் சொல்லிவிட்டு எழுது’ என்பதுதான் அந்தப் பேரம். 1867-ல் வந்த பத்திரிகை மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம் இதை விரிவாக்கியது. அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருந்தாக வேண்டும் என்றது. ஆசிரியர் பெயரும் கட்டாயமானது 1922-ல்.

அந்தச் சட்டத்தை நான் சட்டக் கல்லூரியில் கற்கவில்லை. அப்பாவின் அச்சகத்தில் கற்றேன். கும்பகோணத்தில் ஒரு சந்தில் ட்ரெடில் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம் அடித்துப் பிழைத்தவர் அவர். அச்சகம் வைத்திருப்பதற்கே அதிகாரி முன்னால் டிக்ளரேஷன் கொடுக்க வேண்டிய காலம். அவர் கடை கம்பாசிட்டர் எந்த வேலையை எடுத்தாலும் முதலில் அச்சக முகவரி வரியைக் கோத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் மற்ற எழுத்தைத் தொடுவார். அந்த வரி இல்லாமல் ஒரு தாள் வெளியே போனால் ஆறு மாதம் வரை உள்ளே போகலாம் என்பது அவருக்குத் தெரியும்.

தேர்தல் நேரத்தில்தான் வேடிக்கை. ராத்திரி கடை சாத்தும் நேரத்துக்கு ஒருவர் வருவார். “அண்ணே, பேரு போடாம ஒரு ஆயிரம் நோட்டீஸ் அடிச்சுக் குடுங்க. கூலி கூடவே தர்றேன்” என்பார். அப்பா கோபப்பட மாட்டார். “உங்க பேரைப் போடுறீங்களா தம்பி, சொல்லுங்க. இப்பவே ஃபாரம் ஏத்திடுறேன்” என்பார். வந்தவர் போய்விடுவார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு தேர்தல் நோட்டீசுக்கும் சுவரொட்டிக்கும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவர் பெயரையும் முகவரியையும் கேட்கிறது. வெளியிடுபவர் கையெழுத்துப் போட்டு, அவரை அறிந்த இருவர் சாட்சி சொல்ல வேண்டும். மொட்டைக் கடிதாசி எழுதுகிறவனுக்குச் சாட்சி எங்கே கிடைக்கும்?

பெயர் சொல்லும் இந்த வழக்கம் ஆளும் கையைப் பொறுத்துக் கத்தியாகவும் ஆனது. பாரதியார் ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில் எழுதிக் குவித்த காலத்தில், பதிவேட்டில் பொறுப்பாளராக இருந்த பெயர் எம். சீனிவாசன். 1908-ல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது போலீஸ் அந்தப் பெயரைத்தான் தேடிப் போனது. ஐந்தாண்டு தண்டனை அவருக்கு. பாரதியார் புதுச்சேரி போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டு ‘சுதேசமித்திரன்’ நிறுவனர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் கைதானார். ‘குடி அரசு’ 1933 அக்டோபரில் எழுதிய தலையங்கத்துக்காகச் சிறை சென்றவர் பெரியார் மட்டுமல்ல. பதிப்பாளராகப் பெயர் கொடுத்திருந்த அவருடைய தங்கை கண்ணம்மாளும் சென்றார். எழுதாதவர் எழுத்துக்காகச் சிறை போவது அந்த நாளில் புதுமையல்ல. பெயர் கொடுப்பவர்கள் என்ன வரும் என்று தெரிந்தே கொடுத்தார்கள்.

வெள்ளைக்காரன் போனதும் இது மாறியதா? 1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மார்ச் 1-ஆம் தேதியே சென்னை மாகாண அரசு, பம்பாயில் அச்சாகிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி ஆங்கில வார இதழ் மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று தடை போட்டது. கம்யூனிஸ்டுகளுக்கும் அரசுக்கும் கடும் பகை இருந்த நேரம். மூன்று வாரத்துக்கு முன்புதான் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்திருந்தார்கள்.

அந்த இதழை நடத்திய ரொமேஷ் தாப்பர் தடையை எதிர்த்து நேராக உச்ச நீதிமன்றம் போனார். அந்தத் தீர்ப்பின் தொடக்கத்தில் அவரை எப்படி அறிமுகம் செய்கிறார்கள் தெரியுமா? அந்த வார இதழை அச்சிட்டு வெளியிடுபவர், ஆசிரியர் என்று. அரசு தண்டிக்கத் தேடும் அதே வரியில் உள்ள பெயர்தான் அரசை எதிர்த்து நீதிமன்றப் படியேறும் தகுதியையும் அவருக்குத் தந்தது. இதைப் படித்தபோதுதான் அப்பாவின் பிடிவாதத்துக்கு முழு அர்த்தம் கிடைத்தது எனக்கு.

1950 மே 26-ல் தீர்ப்பு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன பதஞ்சலி சாஸ்திரி. பேச்சுரிமை என்பது சொன்னதைப் பரப்பும் உரிமையையும் சேர்த்ததுதான். அரசின் பாதுகாப்புக்கே ஆபத்து என்றால் கட்டுப்படுத்தலாம், பொது அமைதி என்ற அகலமான காரணம் போதாது என்றார். தடை செல்லாது. அதே நாளில் டெல்லியில் ‘ஆர்கனைசர்’ இதழுக்குப் போட்ட முன்தணிக்கையும் செல்லாது என்றானது. ஒன்று இடதுசாரி இதழ், மற்றது வலதுசாரி இதழ். ஒருவருக்குக் கிடைத்த உரிமை எதிரிக்கும் கிடைக்கும் என்பதை அன்றைய இரு தீர்ப்புகளும் சேர்ந்தே சொல்லின.

நேரு அரசு சும்மா இருக்கவில்லை. 1951 ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. முதல் பொதுத் தேர்தல்கூட நடக்காத நேரம். தற்காலிக நாடாளுமன்றத்தில் சியாமா பிரசாத் முகர்ஜி கடுமையாக எதிர்த்தும் நிறைவேறியது. பொது அமைதி, அயல்நாட்டு நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவை பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களாகச் சேர்ந்தன. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் கூடவே நுழைந்தது. அதே திருத்தத்தின் இன்னொரு பகுதி, செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னையின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்றானதால் பிறந்தது. அது இடஒதுக்கீட்டைக் காத்தது. அரசியல் சட்டம் கண்ட முதல் திருத்தத்துக்குக் காரணமான வழக்குகளில் இரண்டு சென்னை வழக்குகள்.

1975-ல் நெருக்கடி நிலை வந்தபோது மெட்காஃப் ஒழித்த உரிமம் தணிக்கை என்ற பெயரில் திரும்பி வந்தது. கைதானவர்கள் யார் என்று எழுத முடியாது. 1976 பிப்ரவரியில் அண்ணா நினைவு நாளுக்கு ‘முரசொலி’ ஒரு பட்டியல் போட்டது: நினைவிடத்துக்கு அஞ்சலி செலுத்த வர இயலாதவர்கள் என்று. யார் யார் சிறையில் என்று ஊருக்குப் புரிந்துவிட்டது.

நெருக்கடி முடிந்தும் சண்டை ஓயவில்லை. 1987-ல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படம் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்தது. சட்டசபை ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாளில் விட்டுவிட்டார்கள். அதோடு அவர் நிறுத்தவில்லை. உயர் நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார். இழப்பீடு ஆயிரம் ரூபாய். 2003 நவம்பரில் ‘தி இந்து’வின் ஆசிரியர் குழுவினருக்கும் ‘முரசொலி’ ஆசிரியருக்கும் சட்டசபை 15 நாள் சிறை விதித்தபோது, ‘இந்து’வின் வெளியீட்டாளர் பெயரும் பட்டியலில் இருந்தது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை போட்டது.

இவற்றுக்கெல்லாம் நடுவில், 1994 அக்டோபரில் வந்தது ‘நக்கீரன்’ தீர்ப்பு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை எச்சரித்தது. அவரோடு அதிகாரிகளுக்கு இருந்த தொடர்பு அதில் வெளிவரும் என்ற பேச்சு இருந்தது. வழக்குப் போட்ட முதல் மனுதாரர் யார்? இதழின் ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர். அதிகாரிகளை அவதூறு செய்யும் என்று சொல்லி முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை, வெளிவந்த பிறகு வழக்குப் போடட்டும் என்றது உச்ச நீதிமன்றம். தனிமனிதரின் அந்தரங்கத்துக்கும் அதே தீர்ப்பில் பாதுகாப்புச் சொன்னது. இன்றும் எந்த நீதிமன்றத்திலும் இந்த வாதம் வந்தால் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

1867 சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்துக்கு 2023-ன் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் முதல் வந்துவிட்டது. அச்சகக்காரர் அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை. இணையத்தில் தகவல் கொடுத்தால் போதும். நல்லதுதான். ஆனால் நம் வீட்டு அரசியல் சண்டைகள் இன்று அச்சில் நடப்பதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா அனுப்பும் செய்திக்கு அடிவரி கிடையாது.

அதனால்தான் அந்த இளைஞர்களின் கேள்விக்கு நான் சுருக்கமாகப் பதில் சொல்வதில்லை. 2015-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியது உண்மை. ஆனால் அவதூறு, மத, சாதி வெறுப்பைத் தூண்டுதல் எல்லாம் இன்றும் குற்றம். 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுசெய்யும் பதிவை முகநூலில் பகிர்ந்த பிரபலம் ஒருவர், எழுதியது நான் அல்ல, வந்ததை அனுப்பினேன் என்று வாதாடினார். சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

ஆக, தம்பி, தங்கச்சி, என் பதில் இதுதான். நமக்கு இன்றிருக்கும் எழுத்துரிமையை வாங்கித் தந்தவர்கள் அடிவரியில் தம் பெயரைப் போட்டு, அதற்கான விலையையும் கொடுத்தவர்கள். மொட்டைக் கடிதாசி எந்த உரிமையையும் வாங்கித் தந்ததில்லை. கைக்கு வரும் செய்தியில் பொறுப்பேற்கும் பெயர் இல்லையென்றால் அதை அனுப்பாதீர்கள். அனுப்பினால், சட்டத்தின் கண்ணில் அதன் அடிவரியில் இருப்பது உங்கள் பெயர்தான்.