தென்னார்க்காட்டுச் சுவடுகள்: கிணற்றில் ஒரு ஜாடி

மேல்சித்தாமூர் சமண மடத்து வாசலில் ஒரு கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தினோம். வெள்ளைக்காரன் காலம். மடத்தின் தலைவரான பட்டாரகர் சுவாமிகள் ஊரில் இல்லை. சாவிக்கொத்து கணக்குப்பிள்ளையின் இடுப்பில். போலீஸ் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘சாமி வரட்டும்’ என்று கணக்குப்பிள்ளை சொல்லலாமா? அவரே திறந்துவிட்டால், அது மடத்தின் சம்மதம் ஆகுமா?

1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சம்மதம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. 102-ஆம் பிரிவின்படி, வாரண்டைக் காட்டிக் கேட்டால் உள்ளே குடியிருப்பவரோ பொறுப்பில் இருப்பவரோ வழிவிட்டாக வேண்டும். மறுத்தால் கதவை உடைக்கலாம். ஆனால் 103-ஆம் பிரிவு ஒரு கடிவாளம் போட்டது: அக்கம்பக்கத்து மரியாதைப்பட்டவர்கள் இருவராவது கூட நின்று பார்க்க வேண்டும், எடுத்த பொருளின் பட்டியலில் கையெழுத்திட வேண்டும். அமெரிக்காவில் ஒரே வீட்டில் குடியிருப்பவர் ‘வாருங்கள்’ என்றால் போலீஸ் நுழையலாம் என்று 1974-லும், இன்னொருவர் அங்கேயே நின்று ‘கூடாது’ என்றால் நுழையக் கூடாது என்று 2006-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊரில் மூன்றாம் மனிதருக்குக் கிடைத்தது சாட்சி வேலை மட்டும். (அந்த மரியாதைப்பட்டவர் பல வழக்குகளில் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவராகவே அமைந்துவிடுவது தனிக் கதை.)

ஆக, கணக்குப்பிள்ளை திறந்துதான் ஆக வேண்டும். ஆனால் அதே போலீஸ் தென்கிழக்கே திண்டிவனம் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குப் போனால், கையிலிருக்கும் வாரண்ட் வெறும் காகிதம். அங்கே நடப்பது பிரெஞ்சு ராஜ்யம்.

அந்தக் காகிதத்துக்கு எட்டாத தூரத்தில்தான் பாரதி 1908 முதல் இருந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் கப்பலில் வந்து இறங்கினார். அதே ஆண்டு வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதும் ஆங்கிலேய ரகசியப் போலீஸின் பொறுமை தீர்ந்தது. புதுச்சேரித் தெருக்களில் ஒற்றர்கள் பெருகினார்கள். பார்ப்பதற்கு வேண்டுமானால் யாரையும் வைக்கலாம். ஒரு பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் பிரெஞ்சு அதிகாரி மனம் வைக்க வேண்டும். அவர் மனம் வைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும்.

காரணம் கிடைக்கவில்லை என்றால் செய்துவிடலாமே!

1912 வாக்கில் ஒருநாள், வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்த வேலைக்காரப் பெண்ணிடம் ஒரு ஜாடி சிக்கியது. உள்ளே ராஜத்துரோகக் காகிதங்கள், காளி உருவம் போட்ட துண்டுப்பிரசுரங்கள். மயூரேசன் என்பவன் போட்டது என்று அரவிந்தர் தரப்பு சொல்கிறது. புகார் போய், பிரெஞ்சுப் போலீஸ் வந்து, கிணற்றில் ஆள் இறங்கி எடுத்திருந்தால் ஐயர் என்ன சொல்லியும் எடுபட்டிருக்காது. கிணறு அவருடையது, ஜாடியும் அவருடையது என்றாகியிருக்கும். சூழ்ச்சி செய்தவர்கள் எல்லாவற்றையும் எண்ணினார்கள். தண்ணீர் இறைக்கிற பெண்ணை மறந்துவிட்டார்கள்.

இப்போது ஐயர் என்ன செய்வது? யாருக்கும் தோன்றுவது, அடுப்பில் போட்டுக் கொளுத்துவதுதான். பாதி எரியும்போது கதவு தட்டப்பட்டால்? பாரதி சொன்ன யோசனை அதற்கு நேர் எதிர்: நாமே போய்ப் பிரெஞ்சுப் போலீஸிடம் சொல்லிவிடுவோம். வீட்டைச் சோதனை போடத் துடித்தவர்களுக்கு முன்னால், வீட்டுக்காரரே சோதனைக்காரரை அழைத்தார். ஜாடி அதிகாரிகள் கைக்குப் போனது.

விஷயம் அதோடு அடங்கவில்லை. இந்தக் கூட்டமே ஆபத்தானது, வீடுகளைச் சோதனை போடுங்கள் என்ற புகாரும் பிரெஞ்சு அதிகாரிகளிடம் வந்து சேர்ந்தது. பாரதியின் வீடும் தப்பவில்லை, சிக்கியது எதுவுமில்லை.

மிச்சம் அரவிந்தர். பிரெஞ்சுச் சட்டத்தில் இதற்கெல்லாம் ஏட்டையாவை அனுப்புவதில்லை. விசாரணை நீதிபதியே படியேறி வரலாம். நாந்தோ என்ற அந்த நீதிபதி போலீஸ் புடைசூழ வந்தார். ஆஷ் கொலைக்குப் பிறகு லண்டனும் சென்னையும் எதிர்பார்த்துக் கிடந்த நாழிகை அது. ஒரு சீட்டு, ஒரு கடிதம் அகப்பட்டால்கூட, அரவிந்தரை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடு என்று பாரிஸை நெருக்கலாம்.

நாந்தோ சாமான்களைப் புரட்டத் தொடங்கினார். சில நிமிஷத்தில் அவர் முகம் மாறியது. கையில் எடுத்த புத்தகத்தை வைக்காமல், எதிரே நின்ற மனிதரை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் புத்தகத்தின் எழுத்து வங்காளமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

(அடுத்த வாரம்: நாந்தோ சோதனையை ஏன் நிறுத்தினார்?)