நாய் கடித்தால் நாற்பது ஷெக்கெல்

போன மாசம் ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு நடந்து வரும்போது, தெருமுனையில ஒரு நாய் கெண்டைக்கால்ல கடிச்சிடுச்சு. டீக்கடை அண்ணன் சாவகாசமா சொன்னார்: "அது ஏற்கனவே ரெண்டு பேரைக் கடிச்சிருக்கு தம்பி." கடியை விட அந்த "ஏற்கனவே" தான் சுருக்குன்னு பட்டுது.

0, 3, 7, 14, 28ன்னு ஊசிக்கு நாள் குறிச்சுக் குடுத்தாங்க. (பூஜ்யத்துல இருந்து எண்ணுறது எங்க ஆளுங்க மட்டும் இல்லை போல :-)) காலை நீட்டி உக்காந்திருந்த நாட்கள்ல, நாய்க்கடிக்கு யார் பொறுப்புன்னு படிக்க ஆரம்பிச்சேன். அந்த "ஏற்கனவே"வுக்கு கிட்டத்தட்ட 3,800 வருஷ சரித்திரம் இருக்கு மக்களே!

1940களில் பாக்தாத் பக்கத்துல தெல் ஹர்மல்ங்கிற இடத்தைத் தோண்டினப்போ, எஷ்னுன்னா நாட்டுச் சட்டங்கள் எழுதின களிமண் பலகைகள் கிடைச்சுது. அதுல நாய்க்குன்னே விதி இருக்கு. கடிக்கிற நாய்னு தெரிஞ்சு, பேட்டை அதிகாரிங்க சொந்தக்காரனை எச்சரிச்சும் அவன் அடக்கி வைக்கலை, நாய் கடிச்சு ஒருத்தர் செத்துட்டார்னா, அவன் 40 ஷெக்கெல் வெள்ளி கட்டணும். அதே சட்டத்துல ஒரு கூலியாளோட மாசச் சம்பளமே 1 ஷெக்கெல் தான். செத்தது அடிமைன்னா வெறும் 15. இன்னொரு கூத்து: மனுஷன் மனுஷனோட மூக்கைக் கடிச்சுத் துண்டாக்கினா 60 ஷெக்கெல்!

இந்த "முன்னாடியே தெரியுமா?" கேள்வி இங்கிலாந்து பொதுச் சட்டத்துலயும் இருந்தது. நாயோட முரட்டுக் குணம் சொந்தக்காரருக்கு முன்னாடியே தெரியும்னு கடிபட்டவர் நிரூபிக்கணும். அதனால முதல் கடி இலவசம்னு கிண்டலா சொல்லுவாங்க. 1865ல் இதை மாத்தி ஒரு சட்டம் போட்டாங்க. யாருக்கு? ஆடு மாடுகளுக்கு! நாய் ஆட்டைக் கடிச்சா எதையும் நிரூபிக்க வேண்டாம், நஷ்டஈடு உண்டு. மனுஷனுக்கு அந்தச் சலுகை கிடையாது. 1971ல் வந்த விலங்குகள் சட்டம் பழைய விதியை எடுத்துட்டாலும், நாய் விஷயத்துல "தெரியுமா" கேள்வியை முழுசா விடலை.

நம்ம ஊர்ல 1860 இபிகோவின் 289ஆம் பிரிவு (2024 ஜூலையில் இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 291) விலங்கை அஜாக்கிரதையா வச்சிருக்கிறவருக்குத் தண்டனை சொல்லுது. சரி, வச்சிருக்கிறவரே இல்லாத தெரு நாய்க்கு?

2023 நவம்பர்ல பஞ்சாப் - ஹரியானா உயர்நீதிமன்றம் ஒரு கணக்கு சொன்னது. ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைஞ்சது 10,000 ரூபாய். சதை பிய்ஞ்சிருந்தா ஒவ்வொரு 0.2 செ.மீ. காயத்துக்கும் குறைஞ்சது 20,000. முதல் பொறுப்பு மாநில அரசோடது. (என் கால்ல நாலு தடம். ஆனா அந்தத் தீர்ப்பு நம்ம மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது!)

எனக்கு உறைச்சது இது தான். எஷ்னுன்னாவுல சொந்தக்காரனை எச்சரிக்கிறது பேட்டையோட வேலை. தெரு நாய்க்கு சொந்தக்காரனே கிடையாது, பேட்டை தான் எல்லாம். டீக்கடைக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். ஆனா யாரும் யாருக்கும் சொல்லலை. நான் நேத்து தான் மாநகராட்சிக்கு எழுதிப் போட்டேன், நாலாவது ஆள் கடிபடறதுக்கு முன்னாடி.

உங்க தெருவுலயும் ஒரு "ஏற்கனவே" இருந்தா எழுதிப் போடுங்க. அப்படியே பின்னூட்டத்துலயும் சொல்லுங்க.