முயல் ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து

முயல்களின் குடலைத் தாக்கும் ஐமீரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணிக்கு எதிராக, அதே ஒட்டுண்ணியை வீரியம் குறைத்து உருவாக்கும் உயிருள்ள தடுப்பு மருந்து. பொதுப் பேச்சில் தடுப்பூசி என்றாலும் இதற்கு ஊசி கிடையாது. வாய்வழியே போய்ச் சேர வேண்டிய மருந்து இது.

நோயைப் பண்ணையாளர்கள் ரத்தக்கழிச்சல் என்றும் காக்சிடியோசிஸ் என்றும் சொல்வார்கள். தாய்ப்பால் மறந்து தீவனத்துக்கு மாறும் குட்டிகளுக்கே ஆபத்து அதிகம். வயிறு உப்பி, கழிந்து, எடை குறைந்து சில நாட்களில் இறந்துபோகும். முயலைத் தாக்கும் ஐமீரியாவில் 11 இனங்கள் உண்டு. குடலில் வாழ்பவற்றுள் இன்டஸ்டினாலிஸ், ஃபிளேவசென்ஸ் இரண்டும் கொடியவை. ஸ்டீடை என்னும் இனம் மட்டும் ஈரலின் பித்தநாளங்களில் குடியேறும். 1674-இல் லேவன்ஹூக் முயலின் பித்தநீரில் கண்டது இந்த ஒட்டுண்ணி பரவும் வடிவமான முட்டையுறைகளைத்தான் என்று கருதப்படுகிறது.

புழுக்கையோடு வெளியேறும் முட்டையுறை உடனே தொற்றாது. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்து முதிர்ந்த பிறகே தொற்றும். முயல் தன் மென்புழுக்கையைத் தானே தின்றும் அதனால் நோய் வராததற்குக் காரணம் இதுதான்: ஆசனவாயிலிருந்து நேரே எடுத்துத் தின்பதால் உறைக்கு முதிர நேரமில்லை. கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ள கெங்குவார்பட்டி போன்ற ஊர்களில், ஐப்பசி, கார்த்திகை மழையில் கூண்டுக்கு அடியில் சேரும் ஈரக் குப்பை இந்த நோய்க்கு ஏற்ற இடம்.

ஒருமுறை நோய் கண்டு பிழைத்த முயலுக்கு அந்த இனத்துக்கு எதிராக எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. மற்ற இனங்களுக்கு எதிராக இல்லை. தடுப்பு மருந்தின் அடிப்படையும் அதன் சிக்கலும் இந்த ஒரே உண்மையில் இருக்கின்றன. 1970-களில் கோழி ஐமீரியாவில் கையாளப்பட்ட முறையைப் பிரான்சின் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் டொமினிக் லிக்குவாவும் உடன் பணியாற்றியோரும் முயலுக்குக் கொண்டுவந்தனர். தொற்றிய முயலில் முதலில் வெளிவரும் முட்டையுறைகளை மட்டும் பொறுக்கி, அடுத்த முயலுக்குக் கொடுத்து, மறுபடி முதலில் வருவதையே பொறுக்குவது அந்த முறை. சில சுற்றுகளில் அவசரமாக முதிரும் ஒரு மரபுவழி கிடைக்கிறது. அது குடலில் பெருகும் சுற்றுகள் குறைவு. ஆகவே சேதமும் குறைவு. ஆனால் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் திறன் போவதில்லை. இன்டஸ்டினாலிஸ் இனத்தில் இப்படிக் கிடைத்த மரபுவழியை 1990-இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டுகளில் மீடியா, மேக்னா இனங்களிலும் கிடைத்தன. குட்டி தீவனத்தைக் கொறிக்கத் தொடங்கும் ஏறத்தாழ 25-ஆம் நாளில், மருந்தைக் குட்டிப்பெட்டியில் தெளித்தே கொடுக்கலாம் என்பதும் சோதனைகளில் தெரிந்தது. சிறு பண்ணைக்கு இதைவிட எளிய வழி இல்லை.

இருந்தும் கோழிக்குக் கிடைப்பதுபோல் முயலுக்கு இந்த மருந்து கடைக்குப் பரவலாக வரவில்லை. ஒட்டுண்ணியை நோயற்ற உயிருள்ள முயல்களில்தான் பெருக்க வேண்டும். வீரியம் குறைந்தது என்பதால் விளைச்சலும் குறைவு. குளிர்பதத்தில் காக்க வேண்டும், உறையவிட்டால் செத்துவிடும். பல இனங்களைக் கலந்தால்தான் பயன். தீவனத்தில் கழிச்சல் மருந்து கலந்திருந்தால் அது தடுப்பு மருந்தையும் கொன்றுவிடும்.

கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இன முயல்களைப் பராமரிக்கிறது. இந்த மலைத்தொடரின் முயல் வளர்ப்புக்கு அறிவியல் துணை அதுவே. இறைச்சி முயலை ஊக்குவிக்கும் நாட்டில் இந்தத் தடுப்பு மருந்தும் உள்நாட்டிலேயே உருவாக வேண்டியது.

அதுவரை டோல்ட்ராசூரில், சல்ஃபா வகை மருந்துகளைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். கோழித் தீவனத்தை மட்டும் முயலுக்குப் போடக் கூடாது: அதில் சேர்க்கப்படும் நராசின், மதுராமைசின் போன்றவை முயலுக்கு நஞ்சு. சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு முட்டையுறை அசையாது. தீச்சுடரும் கொதிநீரும் நன்றாகக் காய்ந்த கூண்டும் அதை அழிக்கும்.