சாக்கடை வாயில் பிறந்த மருந்து

ஜவுளிக் கடைக்காரனுக்கு மருந்துச் சரித்திரத்தில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் டாக்டர் அல்ல. கல்லூரி வாசலை மிதித்தவனும் அல்ல. வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அகமதாபாத் வந்து, ஆரணிப் பட்டு விற்றுப் பிழைப்பவன். ஆனால் நாலே நாலு மாத்திரையால் நான் செய்த ஒரு தவறு, பல ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. அதன் பிறகுதான், அந்த மாத்திரை எங்கே பிறந்தது, எப்படி நம்ம வீட்டு அலமாரி வரைக்கும் வந்தது என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இத்தாலி நாட்டுக்குச் சொந்தமான சார்டினியா என்ற தீவு. அதன் தலைநகர் காலியாரி. அங்கே பல்கலைக்கழகத்தில் சுகாதாரத் துறைப் பேராசிரியராக இருந்தவர் ஜுசெப்பே ப்ரோட்சு. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் வருஷம். ஊரில் டைபாய்டு உண்டு. ஊர்ச் சாக்கடை சூ சிக்கு என்ற இடத்தில் கடலில் கலக்கும். அந்தத் தண்ணீரிலேயே இளைஞர்கள் குளிப்பார்கள். ஆனாலும் எதிர்பார்த்த அளவுக்கு அவர்களுக்கு நோய் வரவில்லை. நாமாக இருந்தால் "கடவுள் காப்பாத்தினார்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருப்போம். ப்ரோட்சு அப்படி விடவில்லை. அந்தத் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று எண்ணி, சாக்கடை வாயிலிருந்தே தண்ணீர் எடுத்துச் சோதித்தார். செஃபலோஸ்போரியம் என்ற பூஞ்சைக் காளான் கிடைத்தது. அதன் சாறு, டைபாய்டுக் கிருமி உட்படப் பலவகை பாக்டீரியாக்களை வளரவிடாமல் தடுத்தது. நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார், பலன் தெரிந்தது.

மேற்கொண்டு ஆராய அவரிடம் பணமும் இல்லை, கருவியும் இல்லை. கண்டதை 1948இல் ஒரு சிறு வெளியீடாக அச்சிட்டார். பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவர் வழியாகச் செய்தி ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது. பென்சிலினை மருந்தாக்கிய ஃப்ளோரியின் ஆய்வுக்கூடம் அது. ப்ரோட்சு காளானையே அங்கே அனுப்பிவைத்தார்.

அங்கே எட்வர்ட் ஆபிரகாம், கை நியூட்டன் என்ற இருவர் அந்தக் காளானோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். 1953இல் 'செஃபலோஸ்போரின் சி' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வீரியம் குறைவுதான். ஆனால் பென்சிலினைச் சிதைத்துவிடும் கிருமிகளின் நொதி இதை அவ்வளவு எளிதில் சிதைக்க முடியவில்லை. பென்சிலின் தோற்க ஆரம்பித்திருந்த அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். 1961இல் அதன் அணு அமைப்பும் உறுதியானது. எக்ஸ்ரே முறையில் அதை உறுதி செய்தவர்களில் ஒருவர் டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார். பிறகு அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் அந்த மூலப்பொருளை மாற்றியமைத்து, 1964இல் செஃபலோதின் என்ற ஊசி மருந்தைக் கொண்டுவந்தது. வாய்வழியே விழுங்கும் செஃபலெக்சின் அறுபதுகளின் கடைசியில் வந்தது. அந்தக் குடும்பத்தில் பின்னால் பிறந்தவைதான் நாம் இன்று வாங்குகிற செஃபுராக்சிம், செஃபிக்சிம், செஃபபோடாக்சிம் எல்லாம்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2012 மழைக்காலம். எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்து டாக்டர் செஃபிக்சிம் எழுதிக் கொடுத்தார். எரிச்சல் நின்றதும் நானும் மாத்திரையை நிறுத்திவிட்டேன். நாலு மாத்திரை மிச்சம். அது முதல் தவறு. அடுத்த மாதம், ஊரிலிருந்து வந்து கடையில் வேலை பார்த்த பையனுக்குக் காய்ச்சல். "முதலாளி, உடம்பு ரொம்ப வலிக்குது" என்றான். டாக்டரிடம் போனால் ஒரு நாள் வேலை கெடுமே என்று, அந்த நாலு மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அது இரண்டாவது தவறு. இரண்டு நாளில் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. நான் பெரிய வைத்தியன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன். நாலாம் நாள் திரும்பக் கொதித்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துக் கிருமி வளர்க்கும் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்றும் வளரவில்லை. "முன்னாடியே ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டானா?" என்று டாக்டர் கேட்டபோது என் முகம் தொங்கிவிட்டது. அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லவும் இல்லை, சோதனையில் காட்டிக்கொடுக்கவும் இல்லை. டைபாய்டுதான் என்று முடிவுக்கு வருவதற்குள் நாள் ஓடியது. குடலில் ரத்தக்கசிவும் வந்துவிட்டது. அவன் அம்மா நவஜீவன் எக்ஸ்பிரஸில் அழுதுகொண்டே வந்து இறங்கினார். பையன் பிழைத்தான். நான் உண்மையைச் சொன்னேன். "நல்லதுன்னு நெனச்சுத்தானே குடுத்தீங்க ஐயா" என்றார் அந்த அம்மா. அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

பிறகு டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இந்த மருந்து பாக்டீரியாவின் மேற்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. வைரஸுக்கு அந்தச் சுவரே கிடையாது. ஆகவே சளி, ஃப்ளூ, டெங்கு இவற்றில் இது சல்லிக்காசுக்கு உதவாது. பென்சிலினும் இதுவும் ஒருவகையில் பங்காளிகள். பென்சிலின் ஒவ்வாதவர்களில் பத்தில் ஒருவருக்கு இதுவும் ஒவ்வாது என்று முன்பு சொல்வார்கள். உண்மையில் அதைவிட மிகக் குறைவு என்று இப்போது தெரிந்திருக்கிறது. ஆனாலும் முன்பு மூச்சுத்திணறல், முகவீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு வந்தவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் ஒரு மாத்திரைகூடப் போடக்கூடாது. மருந்து சாப்பிட்டபின் இவை வந்தால் உடனே ஆஸ்பத்திரி. கடுமையான வயிற்றுப்போக்கு, ரத்தம் கலந்த பேதி வந்தாலும், மருந்து முடிந்து சில வாரம் ஆகியிருந்தாலும்கூட, டாக்டரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டிவரும். செஃபுராக்சிம், செஃபபோடாக்சிம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாக உடம்பில் சேரும்; வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்தோடு சேர்த்தால் வீரியம் குறையும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கான பொடி மருந்தை, ஆறவைத்த கொதிநீரைக் கோடு வரை ஊற்றிக் கலக்கி, ஒவ்வொரு தடவையும் குலுக்கிக் கொடுங்கள். சீட்டில் போட்ட நாள் கணக்கு தாண்டினால் மிச்சத்தை வைத்திருக்காதீர்கள். டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னால் தானாக நிறுத்துவதும் தப்பு, தானாக நீட்டுவதும் தப்பு. டைபாய்டில் சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் இறங்கப் பல நாள் ஆகும். அதைப் பார்த்துப் பயந்து மருந்தை மாற்றாதீர்கள்.

என் தவறு ஒரு பையனோடு முடிந்தது. ஊர் முழுக்க இதையே செய்தால் என்ன ஆகும்? கிருமி படித்துக்கொள்ளும். 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் பரவிய டைபாய்டு, இந்த மருந்துக் குடும்பத்தில் வீரியமான செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கே மசியவில்லை. டைபாய்டுக்கு எதிராக ப்ரோட்சு தேடிய மருந்தை அதே டைபாய்டு தாண்டிவிட்டது. நம் அரசாங்கமும் செஃபிக்சிம், செஃபபோடாக்சிம் போன்றவற்றை 'எச் 1' அட்டவணையில் சேர்த்து 2013இல் அறிவித்தது. 2014 மார்ச் முதல் நடைமுறை. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது; நோயாளி, டாக்டர் பெயரைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நாமும் "பையா, வோ பீலி வாலி கோலி தே தோ" என்று கேட்பதை நிறுத்த வேண்டும்.

எங்கள் சமண நெறியில் நால்வகைத் தானங்களில் ஔடத தானமும் ஒன்று. தமிழ்ச் சமணர்கள் தம் அறநூல்களுக்கே ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று மருந்தின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெருமையில்தான் நானும் மாத்திரையைத் தானம் பண்ணினேன். ஆபிரகாம் செய்தது வேறு. காப்புரிமையால் வந்த பெரும் பணத்தைத் தன் சுகத்துக்கு வைத்துக்கொள்ளாமல், ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் அறக்கட்டளைகளாக வைத்துவிட்டு 1999இல் மறைந்தார். தெரிந்து கொடுத்தது அவர் தானம். தெரியாமல் கொடுத்தது என்னுடையது.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் இருந்தால் குடும்ப டாக்டருக்கு நம்ம உடம்பு தெரியும். இங்கே அவசரத்தில் இந்தியிலோ குஜராத்தியிலோ சொல்ல நமக்கு வாய் வராது. வீட்டில் யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று இந்த ஊர் மொழியில் ஒரு காகிதத்தில் எழுதி மணிபர்ஸில் வையுங்கள். அப்படியே இன்று ராத்திரி அலமாரியைத் திறந்து, மிச்சம் வைத்திருக்கும் ஆன்டிபயாடிக் பட்டைகளையும் எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்தப் பையன் இப்போது ஆரணியில் சொந்தக் கடை வைத்திருக்கிறான். தீபாவளிக்குத் தீபாவளி போன் பண்ணுவான். அவன் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாலு மாத்திரை ஞாபகம் வரும்.